முன்னால் போன தம்பி ஏன் கடைசியில் வந்தான்?

ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரிப் படத்துக்குக் கீழே நம் சைக்கிள் குழுவில் எழுதியிருந்த வரியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "கடைசி ஆள் இன்னும் வந்து சேரல, அதான் படம் அழகா இருக்கு." அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கின்றன. சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு நாங்குநேரியிலிருந்து காவல்கிணறு வரை அந்தக் 'கடைசி ஆள்' தம்பியின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தவர்கள். ஒருத்தராவது ஒரு தடவை முன்னால் போய் அவனை மாற்றிவிட்டாரா என்று கேட்டால் பதில் வராது.

"விளையாட்டுக்குச் சொன்னது, பெரிசா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி" என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் வந்து சமாதானம் சொன்னார்கள். சரி, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீளமாக மட்டும் எழுதுகிறேன்.

ஆடி மாதம் நாற்கரச் சாலையில் தெற்கே பார்த்து மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வள்ளியூர் தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே நிறுத்திவிடும். பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகளை அழகுக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்றில் முதல் ஆளாகப் போகிறவன் குனிந்த தலையை நிமிர்த்த முடியாது. வாய் திறந்தால் மண். பின்னால் வருகிறவர்களோ ஒரு கையை விட்டுவிட்டுக் கடலை மிட்டாய் பிரித்துத் தின்றுகொண்டு வரலாம். தின்றார்கள், நான் பார்த்தேன்.

இதில் கணக்கும் இருக்கிறது. சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிள்காரனின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் செலவாகிறது. அவனை ஒட்டிப் பின்னால் வருகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு போல மிச்சமாகும். நாம் அந்த வேகத்தில் போகிறவர்கள் இல்லைதான். குறையை எதிர்க்காற்று ஈடுகட்டிவிடும். ஆகவே காவல்கிணற்றில் நீங்கள் எல்லாரும் புத்துணர்ச்சியோடு இருந்ததும், அவன் கால் பிடித்து இழுத்து உட்கார்ந்ததும் ஒரே காரணத்தால்தான். கடைசியாக வந்தவன் மெதுவாக ஓட்டுகிறவன் இல்லை. உங்களுக்காக ஓட்டியவன். இதை இந்தப் பதிவில் இன்னும் நாலு தடவை சொல்லத்தான் போகிறேன்.

ஜூலை முழுக்க டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்த்துவிட்டு, அதை ஜெயித்த போகச்சரைப் பற்றி "போகச்சர் மாதிரி வருமா மாப்ளே" என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்களும் இதே ஆட்கள்தான். என்னத்தைப் பார்த்தீர்கள்? மூன்று வாரம், 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்), மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு அணிக்கு எட்டுப் பேர். ஜெயிக்க வேண்டியவர் பெரும்பாலும் ஒருத்தர், மற்றவர்கள் அவருக்குக் காற்று மறைப்பு. தண்ணீர் வேண்டுமென்றால் ஒருத்தன் வேகத்தைக் குறைத்து அணியின் காருக்குப் போவான். ஜெர்சிக்குள் முதுகிலும் நெஞ்சிலும் பாட்டில்களைத் திணித்துக்கொள்வான். கூன் விழுந்த ஆள் மாதிரி இருப்பான். அப்படியே அத்தனை கூட்டத்தையும் முந்திப்போய் ஒவ்வொரு பாட்டிலாகக் கொடுப்பான். மலை ஏறும்போது லீடருக்கு முன்னால் மூச்சு முட்ட ஓட்டிவிட்டு, இனி முடியாது என்ற இடத்தில் ஓரமாக ஒதுங்குவான். டிவி அவனை விட்டுவிடும். அரை மணி நேரம் கழித்து அவன் வந்து சேர்வதை யாரும் காட்டமாட்டார்கள். கடைசிப் பட்டியலில் மூன்று மணி, நாலு மணி நேரம் பின்தங்கி அவன் பேர் கிடக்கும். ஆனால் ஜெயித்தவர் பரிசுப் பணத்தை அணியோடு பங்கு போடுவது அங்கே வழக்கம். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ரெனே வியெத்தோ என்று ஒரு பையன். 1934 டூரில் அவனுக்கு 20 வயது, மலையில் யாரும் பிடிக்க முடியாத ஆள். பிரான்ஸ் அணியின் லீடர் அந்தோனின் மாஞ். பிரெனே (பைரனீஸ்) மலையில் மாஞ்சின் சக்கரம் உடைந்ததும் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து அழுதான். அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். மறுநாளும் மாஞ்சுக்கு வண்டி பழுது. முன்னால் போய்விட்ட வியெத்தோ திரும்பி, எதிர்த்திசையில் மலை ஏறி வந்து தன் சைக்கிளையே கொடுத்தான். மாஞ் ஜெயித்தார். வியெத்தோ ஐந்தாவது. அவனால் கடைசிவரை டூரை ஜெயிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பையனைப் படத்திலிருந்து யாரும் வெட்டவில்லை.

"அதெல்லாம் ஊக்கமருந்து விளையாட்டுண்ணே" என்பார்கள். ஊக்கமருந்தால் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012-இல் பறிபோயின, தெரியும். அதற்கும் நம் தம்பிக்கும் என்ன சம்பந்தம்? அவன் குடித்தது பதநீர்.

"வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கெதுக்கு" என்று இன்னொருத்தர். எரித்திரியாவின் பினியம் கிர்மாய் 2024 டூரில் மூன்று ஸ்டேஜ் ஜெயித்து, அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பச்சை ஜெர்சியோடு போனார். அதோடு கேட்கிறவர் வைத்திருக்கும் சைக்கிளும் ஹெல்மெட்டும் எந்த ஊர்ச் சரக்காம்? விடுங்கள்.

"அவனே சும்மா இருக்கான், உங்களுக்கு ஏன் வலிக்குது?" இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. வலிக்கிறதுதான்.

எங்கள் ஊர் பணகுடிக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் வள்ளியூரில். காலையில் காற்றே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். சாயங்காலம் உயிர் போகும். அண்ணன்தான் முன்னால் போவான். "ஒட்டி வாலே, வெலகாத" என்பது மட்டும் காற்றில் பிய்ந்து பிய்ந்து கேட்கும். அவனுடைய காக்கி டவுசரின் பின்பக்கத் தையலைப் பார்த்தே நான் வீடு வந்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதும் படிப்பை விட்டுவிட்டு மெட்ராசில் ஒரு பலசரக்குக் கடைக்குப் போனான். விடியுமுன் கடை திறந்து, ராத்திரி மூட்டைக்கு நடுவே படுத்து, மாசா மாசம் மணியார்டர். நான் பட்டம் வாங்கினேன். ஊரில் ஒரு விழா வைத்து எனக்குச் சால்வை போட்டார்கள். மேடையில் பேசிய பெரியவர் என் உழைப்பு, என் விடாமுயற்சி என்று அடுக்கினார். அண்ணன் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றான். பிறகு யாரோ கேட்டார்கள், "தம்பி நல்லா வந்துட்டான், நீ ஏண்டே படிக்காம விட்டுட்ட?" அவனும் சிரித்தான், நம் தம்பி இப்போது சிரிக்கிற மாதிரியேதான். சிரித்தால் சும்மா இருக்கிறான் என்று அர்த்தமா?

சரி, பேச்சு எங்கேயோ போய்விட்டது. உதவிக்கு ஓட்டுகிறவனுக்குத் திறமை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு 2023 போதும். செப் கஸ் என்பவர் அந்த ஒரே வருஷத்தில், தன் அணியின் ரோக்லிச் ஜெயித்த ஜீரோ டி இத்தாலியா பந்தயத்திலும், அதே அணியின் விங்கெகோ ஜெயித்த டூரிலும் அவர்களுக்கு உதவியாக உழைத்தார். அப்புறம் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் அவரே முதலிடத்தில் இருந்தபோது, அங்லிரு மலையில் அதே இரண்டு பேரும் அவரை விட்டுவிட்டு முன்னால் போனார்கள். மலை முடியும்போது கஸ் கையில் மிச்சம் 8 விநாடி. கடைசியில் கஸ்தான் ஜெயித்தார், விங்கெகோ இரண்டாவது, ரோக்லிச் மூன்றாவது. "பந்தயம்னா பந்தயம், அங்லிருவில் அவங்க செஞ்சது சரிதான்" என்று வாதாட வருகிற ரோக்லிச் ரசிகர்கள் தாராளமாக வரலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், கடை அடைத்துவிட்டு நிதானமாகச் சண்டை போடலாம்.