கொரியா புல், மெக்சிகோ எறும்பு, கடி மட்டும் எனக்கு

இன்றைக்குக் காலையிலும் கடி. வலது கால் விரலிடுக்கில் மூன்று, கணுக்காலில் ஐந்து. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனவள் செருப்பில்லாமல் புல்லில் கால் வைத்தது தப்பாம். மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டுகிற மண்ணில் நடக்க நான் கேன்வாஸ் ஷூ மாட்ட வேண்டுமாம்! சொல்கிறவர் யார்? இந்தப் புல்லைப் போட்டே தீருவேன் என்று நின்ற அதே மனிதர். என் வீட்டுக்காரர்.

கோவையில் ஊருக்குக் கொஞ்சம் வெளியே வீடு. முன்னால் 350 சதுர அடி காலி இடம். ஒரு கொய்யா, ஒரு முருங்கை, நாலு கத்திரிச் செடி வைக்கலாம் என்றேன். "சாயங்காலம் காபியோட புல்லுல உக்காந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்துப் பார்த்துத் தொலைத்தேன். இரண்டு லோடு செம்மண், அதன்மேல் கொரியன் கிராஸ். இரண்டு வருஷத்தில் அந்தப் புல்லில் உட்கார்ந்து காபி குடித்தது மொத்தம் இரண்டு தடவை. இரண்டாம் தடவை டம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு ஓடினார். அன்றோடு அவர் ஹாலில். துணி காயப்போடுவது, தண்ணீர் விடுவது, நாலு வயசு மகளைப் பிடித்து இழுப்பது எல்லாம் என் தலையில்.

"எறும்புதானே" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது அடுக்களைப் பிள்ளையார் எறும்பு இல்லை. அது பாவம், சர்க்கரை டப்பாவைச் சுற்றிவிட்டுப் போகும். இது நெருப்பெறும்பு. கூட்டத்தில் சில மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு திரியும், பார்த்தாலே தெரியும். வாயால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வாலால் கொட்டும். ஒரு தடவையோடு விடாது, பிடி விடாமல் திரும்பி மறுபடி கொட்டும். முதல் நிமிஷம் நெருப்பு, மறுநாள் தடிப்பு, மூணு நாளைக்கு அரிப்பு.

எதிர்வீட்டு மாமா பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்தவர். "ஃபார்மிக் ஆசிட் அம்முணி, சுண்ணாம்பு தடவு, நியூட்ரலைஸ் ஆயிரும்" என்றார். தடவினேன். எரிச்சலோடு சுண்ணாம்பு எரிச்சலும் சேர்ந்தது. நெருப்பெறும்பின் விஷத்தில் பெரும்பகுதி ஆல்கலாய்டு என்கிற வேறு ரசாயனம், ஆசிட் இல்லை. பாடப்புத்தகத்து ஆசிட் எறும்பு வேறு ஜாதி. இதை அவரிடம் சொன்னதிலிருந்து மாமா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கடிபட்ட கோபத்தில் ராத்திரி உட்கார்ந்து இதன் பூர்வீகத்தைத் தேடினேன். அதில் இன்னும் எரிந்தது. இது நம் ஊர் எறும்பே இல்லை. அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் ஓடிய ஸ்பானியக் கப்பல்களில்தான் இது ஆசியாவுக்கு வந்திருக்கிறது என்று 2015இல் மரபணுவை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கப்பல் ஆடாமல் இருக்க அடித்தட்டில் மண் நிரப்புவார்களாம், அந்த மண்ணோடு வந்ததாம். எனக்கு உடனே எங்கள் வாசலில் வந்து நின்ற டிப்பர் லாரி ஞாபகம் வந்தது. இரண்டு லோடு செம்மண்! கப்பல் செய்ததைத்தான் அந்த லாரியும் செய்திருக்க வேண்டும். காசு கொடுத்து, டிரைவருக்கு டீயும் வாங்கிக் கொடுத்து இறக்கியிருக்கிறோம்.

அதற்கு மேல் நாங்களே செய்துகொடுத்த வசதி. இதற்குப் பிடித்தது மரநிழல் இல்லாமல் வெயில் நேராக விழும் திறந்த மண். கொய்யா வைத்திருந்தால் நிழலாவது இருந்திருக்கும். இவர் அரண்மனைக்கு இடம் ஒதுக்கி, தினமும் தண்ணீர் வேறு தெளித்துக் கொடுத்தார்.

சரி, வைத்தியங்களுக்கு வருவோம். எல்லாருக்கும் ஒரு வைத்தியம் தெரிந்திருக்கிறது, அதுதான் கொடுமை. அத்தை மஞ்சள் தூள் தூவச் சொன்னார். தூவினேன், இரண்டடி தள்ளிப் புதுப் புற்று. நாத்தனார் பெருங்காயம் என்றாள். வாசலெல்லாம் சாம்பார் மணம், புற்று இன்னும் மூன்றடி தள்ளி. என் தங்கை எறும்பு சாக்பீஸ் வாங்கி அனுப்பினாள். புல்லில் எங்கே அம்மா கோடு போடுவது?

ரவை வைத்தியம்தான் உச்சம். "ரவையைப் போடுங்க, தின்னுட்டுத் தண்ணி குடிச்சா வயிறு ஊதி வெடிச்சிரும்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு நூறு தடவை வந்துவிட்டது. வளர்ந்த எறும்பால் கெட்டியாக எதையும் விழுங்கவே முடியாது. அது குடிப்பது திரவம் மட்டும்தான். தூக்கிப் போகிற துணுக்கைப் புழுக்களுக்கு ஊட்டும், புழு அதைக் கரைத்துத் திருப்பிக் கொடுப்பதை மற்றவை குடிக்கும். ஆக, அரைக் கிலோ ரவையைப் போட்டு நான் செய்தது அவற்றின் பிள்ளைகளுக்குச் சத்துணவுத் திட்டம்.

இதற்கு நடுவில் அதே குழுவில் திண்டுக்கல் கரந்தமலைப் பக்கம் 2022இல் கிராமங்களுக்குள் புகுந்த மஞ்சள் எறும்பின் வீடியோ. "ஜாக்கிரதை, கண்ணு போயிரும்" என்று எனக்கு டேக் வேறு. அது கொட்டாது, ஆசிட் பீய்ச்சும் எறும்பு. என் வாசலில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் விளக்கினால் நான் திமிர் பிடித்தவள்.

தோட்டத்துக்கு வரும் அண்ணன் வேறு ரகம். "பழைய பி.எச்.சி. பொடி இருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருங்க அம்முணி" என்று பெருமூச்சு விடுகிறார். அந்தப் பூச்சிமருந்து 1997லேயே தடையானது அண்ணா, என் பிள்ளை அந்தப் புல்லில்தான் உருள்கிறாள் என்றால், "நாங்கெல்லாம் வெறுங்கையில போட்டவங்கதானுங்க" என்று கையை நீட்டிக் காட்டுகிறார். அந்தக் கையைப் பார்த்தால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

ஒருத்தராவது ராணியைப் பற்றிப் பேசினார்களா? மேலே ஓடுவது எல்லாம் வேலைக்காரிகள். ஆயிரம் செத்தாலும் அடியில் முட்டை போடுகிறவள் இருந்தால் அடுத்த மாசம் ஆயிரம் தயார். சில கூட்டில் ராணியும் ஒன்றல்ல, பல. இதன் பங்காளி இனம் ஒன்று 1930களில் அமெரிக்காவின் அலபாமாவில் இறங்கி அங்கே பாடாய்ப் படுத்துகிறது. அந்த ஊர்க்காரர்கள் கணக்குப்படி ஒரு புற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொதிநீரை ஊற்றினாலும் பத்துப் புற்றில் ஆறுதான் சாகும். ஊற்றிய இடத்தில் புல் மட்டும் பத்துக்குப் பத்தும் சாகும்.

அதனால் பொறுமையான வழிக்கு வந்தேன். கேரம் பவுடர். லேபிளில் போரிக் ஆசிட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன், மாவை அடைத்து விற்பதும் உண்டு. நூறு மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், பத்து கிராம் சர்க்கரை, ஒரே ஒரு கிராம் பவுடர். கூடப் போட்டால் குடித்தவள் வழியிலேயே செத்துவிடுவாள். கம்மியாக இருந்தால்தான் வயிற்றில் சுமந்துபோய் வாய்க்கு வாய் ஊட்டி, அது ராணி வரை போகும். மகள் தொடாதபடி மூடிபோட்ட டப்பாவில் சின்ன ஓட்டை குத்தி, புற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுசாக மாற்றினேன். முதல் நாள் சாரைசாரையாக வந்தன. மூன்றாம் நாள் கூட்டம் குறைந்தது. ஐந்தாம் நாள் புற்று மண்ணைக் குச்சியால் தொட்டால் இருபது முப்பதுதான் வெளியே வந்தன, அதுவும் தள்ளாடிக்கொண்டு. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

ஆறாம் நாள் காலையில் வீட்டுக்காரர் ஓர் அண்டா கொதிநீரோடு போய் நிற்கிறார்! "இன்னும் நாலஞ்சு ஓடுதும்மா, அதான் ஒரேயடியா முடிச்சுட்டேன்" என்கிறார், ஏதோ எனக்கு உதவி செய்த மாதிரி. டப்பா கவிழ்ந்து கிடந்தது. புல்லில் தாம்பாளம் அளவுக்கு வெந்துபோன வட்டம். மிச்சம் இருந்தவை முட்டையும் புழுவுமாகக் கிளம்பி இப்போது மூன்று இடத்தில் குடித்தனம். அதில் ஒன்றுதான் துணிக்கொடிக்கு நேர் கீழே.

அத்தை அந்தப் புதுப் புற்றுகளைப் பார்த்துவிட்டு, "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினா மழை வரும்னு சொல்லுவாங்க" என்று வானத்தைப் பார்க்கிறார். மழை இல்லை அத்தை, உங்கள் மகன்.

கேரம் பவுடர் இன்னும் அரை டப்பா இருக்கிறது. இன்றைக்கு மூன்று மூடிகளில் ஓட்டை குத்தி வைத்தாயிற்று. அண்டாவைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் சொல்லப் போவதில்லை.