ஆறரை மணிக்கு என்று அச்சடித்த கூத்து

சனிக்கிழமை கோயில் திடல் விழாவில், கூத்துக்கு வேஷம் போட்டுக் காத்திருந்த பையனை எடுத்த அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று. சின்னத் துரியோதனன் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறான். மடியில் கிரீடம். ஒரு பக்க மீசை கரைந்து கன்னத்தில் வழிந்து கிடக்கிறது. மேலே "துரியோதனன் அவுட்டு" என்று எழுத்து, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "செம க்யூட்ல?" என்று எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். எடுத்துப் போட்டவர் வழியில் போன யாரோ இல்லை, விழாக் குழுவைச் சேர்ந்தவர். வயிறு எரிவது அதனால்தான்.

அவன் ஏன் தூங்கினான் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அழைப்பிதழில் "மாலை 6.30: சிறுவர் சிறுமியர் வழங்கும் கட்டைக்கூத்து" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பி 3.45க்கு முதல் பிள்ளை முகத்தில் எண்ணெய் தடவினார்கள். அந்த முதல் பிள்ளை இவன்தான். மேடை ஏறியது இரவு 10.50க்கு. ஏழு மணி நேரம். வயது பதினொன்று. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், பதினான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் மூன்று பேர், அழிந்துவரும் கலைகளைக் காப்பது பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

வேஷம் போட்ட பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள். இந்தப் பதிவில் இதற்கு மேல் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் இது புரியவே மாட்டேன் என்கிறது, அதனால் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கூத்து வேஷம் என்பது பவுடர் பூசி லிப்ஸ்டிக் போடுகிற ஆண்டுவிழா மேக்கப் இல்லை. முதலில் தேங்காய் எண்ணெய் மெல்லிய பூச்சாக. அதன்மேல் எண்ணெயில் குழைத்த வண்ணம். துரியோதனன் என்றால் சிவப்பு. அது கொஞ்சம் இறுகிய பிறகு மை, மீசை, நெற்றிக்கோடு, கடைசியில் ஈர்க்குச்சியால் வெள்ளைப் புள்ளிகள். பெரியவர்கள் கண்ணாடியைப் பார்த்துத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். பிள்ளைக்கு வாத்தியார்தான் போட வேண்டும். ஒரு முகத்துக்கு 30 நிமிடம், தும்மினால் 35. ஒன்பது பிள்ளைகள், போடுகிறவர்கள் இரண்டு பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 3.45க்கு உட்கார்ந்தால்தான் 6.30க்குத் திரை பிடிக்க முடியும். மரக் கிரீடமும் தோள்கட்டையும் கட்டுகிற கட்டை வேஷத்துக்கு நேரம் அதிகம் ஆகும் என்பதால் அதை முதலில் முடிப்பார்கள். ஆகவே நிகழ்ச்சி தள்ளிப்போனால் முதல் அடி விழுவது கட்டை வேஷக்காரனுக்கு.

எண்ணெய்ப் பூச்சு சில மணி நேரம்தான் நிற்கும். அதற்குப் பிறகு வியர்வை அடியிலிருந்து கிளம்பி வண்ணத்தைத் தூக்கிவிடும். ஓரங்கள் கசியும், கண்ணுக்குள் இறங்கும், உதட்டோரம் வெடிக்கும். "கொஞ்சம் டச்சப் பண்ணிடுங்களேன்" என்கிறார்கள். வியர்வை மேல் எண்ணெய் வண்ணம் ஒட்டாதய்யா. பெயர்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்துதான் போட வேண்டும். பிள்ளை கண்ணைக் கசக்கும். கசக்காதே என்று நாம் அதட்டுவோம். அது அழும். அழுதால் மை கரையும். அந்த வீடியோவில் கரைந்திருக்கிறதே ஒரு பக்க மீசை, அது தூக்கத்தில் கரைந்தது என்றா நினைத்தீர்கள்?

அடுத்தது கட்டை. தோளுக்கும் மார்புக்கும் காதுக்கும் கட்டுகிற அணிகள் இலேசான மரத்தில் செய்தவைதான், மேலே கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியிருக்கும். எடை பெரிய விஷயமில்லை, கயிறுதான் விஷயம். அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் முதுகில் இழுத்து முடிச்சுப் போடுவார்கள். தளர்வாகக் கட்டினால் கிறிக்கி அடிக்கும்போது, அதாவது சுழன்று ஆடும்போது, தோள்கட்டை முகத்தில் வந்து இடிக்கும். இறுக்கினால் மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும், மேல் ஸ்தாயியில் பாட வராது. அதனால் திரைக்குப் போக 15 நிமிடம் இருக்கும்போதுதான் கட்ட வேண்டும். கிரீடமும் அப்படித்தான். நெற்றியில் துணிப்பட்டை சுற்றி அதன்மேல் இறுக்கினால் அரை மணி நேரத்தில் தலைவலி வரும். பெரியவர்களின் கிரீடத்துக்குள் துணியைத் திணித்துப் பிள்ளை தலையில் வைக்கிற வேலையும் நடக்கிறது. அது ஆடும், சுற்றும்போது ஒரு பக்கம் இழுக்கும், பிள்ளை கழுத்தை விறைத்துக்கொண்டே ஆடும். பிள்ளைக்கென்று தனிக் கட்டை செய்யக் காசு இல்லையென்றால் அந்த வேஷத்தைத் துணித் தலைப்பாகையோடு ஆடவிடுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

சனிக்கிழமை என்ன ஆயிற்று? "அடுத்தது நீங்கதான், ரெடியா இருங்க" என்று 6.20க்கு ஒருத்தர் வந்து சொன்னார். கட்டினார்கள். 7.15க்கு அவிழ்த்தார்கள். 8.00க்கு இன்னொருத்தர் வந்து "அடுத்தது நீங்கதான்." மறுபடி கட்டினார்கள். இப்படியே மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் எழுந்து நின்று, பாட்டின் முதல் அடியை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, "இப்பவாண்ணா?" என்று கேட்டான். நாலாவது தடவை ஆள் வந்தபோது அவன் ஒன்றும் கேட்கவில்லை, தூங்கியிருந்தான். அப்போதுதான் அந்த விழாக் குழு ஆள் போனை எடுத்தார்.

இன்னொன்றும் உண்டு, அதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாவாடை, உள்ளே விரித்துக் காட்டும் துணிக்கட்டு, இடுப்புக்கச்சை எல்லாம் கட்டிய பிறகு பிள்ளைகள் ஒன்றுக்குப் போக முடியாது. போக முடியாது என்று தெரிவதால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடிக்காதே என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பங்குனி வெயில் காய்ந்த திடல், தகரக் கொட்டகை, மேலே ஹாலஜன் விளக்கு. தொண்டை வறண்டால் பாட்டு போச்சு, உடம்பு வறண்டால் பிள்ளையே மயங்கி விழும். பெண் பிள்ளைகள் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் கழிப்பறை உண்டா என்று தாம்பூலம் வாங்கி நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பார்கள். பார்த்துக்கொண்டதே இல்லை. மற்ற ஆடை எல்லாம் போட்டுக்கொண்டு பாவாடையையும் கச்சையையும் கடைசியில் கட்டுவது, அரை மணிக்கு ஒரு தடவை ஸ்ட்ரா போட்டு இரண்டு வாய் தண்ணீர் கொடுப்பது, இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி கொடுத்துவிடுவது, இவ்வளவும் எந்த ஜமாவும், அதாவது கூத்துக் குழுவும், செய்யக்கூடியதுதான். ஆனால் எதற்கும் மேடை நேரம் தெரிய வேண்டும். எதிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு? 

"கூத்தென்றாலே விடிய விடியத்தானே, இப்போ என்ன புதுசா?" என்று ஒரு பெரியவர் கமெண்ட் போட்டிருக்கிறார். ஐயா, விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை நீங்கள் முன்னால் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறீர்கள். ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் வந்து பாருங்கள். எல்லாரும் மாலையிலேயே வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இரண்டு மணிக்கு வரும் வேஷம் பன்னிரண்டு மணிக்குத்தான் கண்ணாடி எடுக்கும். அதுவரை துண்டை விரித்துத் தூங்கும். இந்தக் கதையில் யாருக்குப் பின் யார் என்பது வாத்தியாருக்கும் தெரியும், மிருதங்கக்காரருக்கும் தெரியும், கதையை நடத்திக் கொண்டுபோகும் கோமாளியான கட்டியக்காரனுக்கும் தெரியும். கூத்துக்குள் காக்க வைப்பது கிடையாது. காக்க வைப்பது உங்கள் "கலைநிகழ்ச்சி"யில்தான் உண்டு.

சிறுவர்களையே வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக் கதையை எடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் பிள்ளைகள் கஷ்டப்படவில்லையா, எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாம் அப்படி வந்தவர்கள்தானே என்று. வந்தார்கள். பெயர் வந்தவர்களை நமக்குத் தெரிகிறது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். அதே சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சபையில்தான் பின்னாளில் பெரிய நாடக நடிகரான சிறுவன் டி.கே.சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பார்கள். அதையும் எடுத்துக்கொள்ளுங்களேன். பிள்ளையின் அளவுக்கு நாடகத்தை வெட்டித் தைத்தார். நீங்கள் பிள்ளையின் நாடகத்தைப் பேச்சாளரின் அளவுக்கு வெட்டினீர்கள்.

ஆமாம், வெட்டினார்கள். அதைச் சொல்லவில்லையே. 75 நிமிடக் கூத்து. 10.45க்கு வந்து "15 நிமிஷத்துல முடிச்சுக்குங்க, போலீஸ் பர்மிஷன் 11 வரைக்கும்தான்" என்றார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் சமாளிப்பார்கள், அவர்களுக்குக் கதை கையில் இருக்கிறது. பிள்ளைகள் கூத்தை ஒரே ஓட்டமாகப் பாடம் பண்ணியிருப்பார்கள். ஒருவனின் கடைசி அடிதான் அடுத்தவளுக்கு எடுப்பு. நடுவில் மூன்று பாட்டை உருவினால் எடுப்பு இல்லாமல் நின்றுவிடுவார்கள். திரௌபதி வேஷம் கட்டிய சிறுமி அப்படித்தான் நின்றாள். முன்வரிசையில் "பாப்பா மறந்துடுச்சு" என்று சிரிப்பு. அவளுக்கு 26 பாட்டு மனப்பாடம். மறந்தது அவள் இல்லை.

குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை சுருதி வசதி (இந்தக் கட்டை சுருதியின் அளவு, மரக்கட்டை இல்லை). மகரக்கட்டு தொடங்கிய பையனுக்கு அதில் குரல் கிழியும். ஹார்மோனியத்தில் மாற்றி வாசித்துவிடலாம். மிருதங்கத்தை நடுவில் அப்படி ஏற்றி இறக்க முடியாது, இரண்டு வேண்டும். முகவீணை, அதாவது சின்ன நாதஸ்வரம் போன்ற குழல், அதன் நீளத்துக்கு என்ன சுருதியோ அதுதான். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைத் தள்ளி இழுத்துக் கொஞ்சம் சரிக்கட்டலாம், அவ்வளவே. ஆகையால் குரல் உடைந்த பையனுக்குப் பாட்டைக் குறைத்து வசனம் கூட்டிக் கொடுப்பார்கள், பாட்டைப் பின்பாட்டுக்காரர்கள் தாங்குவார்கள். இத்தனை ஏற்பாட்டையும் செய்து, 6.00 மணிக்குக் குரலைச் சூடு பண்ணி வைத்தால், 10.50க்கு அது ஐஸ் கட்டி. அதோடு ஒரே ஒரு மைக். அதுவும் பேச்சாளர் உயரத்துக்கு. தலைக்கு மேலே இரண்டு தொங்கு மைக், பின்பாட்டு பெஞ்சுக்குக் குறைந்த ஒலியில் ஒன்று, முகவீணைக்கு மைக்கே கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த தாள் சவுண்டு சர்வீஸ்காரர் கைக்குப் போகவே இல்லை. காலர் மைக் கொண்டுவந்தார்கள். மார்புக்கட்டையில் குத்தினால் கண்ணாடிச் சில்லு உரசி ஊர் முழுக்கக் கரகரவென்று கேட்கும். கேட்டது.

"பெற்றோர் சம்மதம் கொடுத்தார்களே" என்றால், அவர்கள் சம்மதித்தது 6.30க்கு.

"இலவசமா மேடை கொடுத்தோமே." ரொம்ப நன்றி. சினிமா, டிவியில் நடிக்கும் குழந்தைகளுக்கு 2017இல் மத்திய அரசு திருத்திய விதிகளைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஐந்து பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில். கோயில் திடல் கூத்துக்கு இது பொருந்தாது என்று சட்டம் பேச வருகிறவர் வரட்டும். வருமானம் என்று ஒன்று இருந்தால்தானே 20 சதவீதம்? வேன் வாடகை போக மிஞ்சியதில் ஒன்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பால்கோவா. இரவுச் சாப்பாடு "நிகழ்ச்சி முடிஞ்சதும்" என்றார்கள். 11.15க்குப் போனால் பந்தியில் சாம்பார் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் ஒரு கட்சி இருக்கிறது. "படிக்கிற பிள்ளைகளைக் கூத்தில் ஏன் சேர்க்கிறீர்கள், அவர்களைக் கெடுக்கிறதே நீங்கள்தான்" என்கிற கட்சி. இவர்களிடம் கோபப்பட முடியவில்லை, ஏனென்றால் கூத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியை விட்டது உண்மை. காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்து வாத்தியார் பி.ராஜகோபாலே பத்து வயதில் பள்ளியை விட்டு அப்பாவின் குழுவுக்கு வந்தவர்தான். ஆனால் அவரும் அவர் மனைவி ஹன்னே டி புருயினும் 2002இல் காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கியபோது படிப்பும் கூத்தும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினார்கள். அதற்கு முன் பெண் கட்டை கட்டுவதை யார் நினைத்தார்கள்? பதினெட்டு வருடம் நடத்தி 2020இல் மூடினார்கள். முடியும் என்பதற்கு அது போதாதா? இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம், பரீட்சை மாதத்தில் விடுமுறை. பிள்ளையைக் கெடுப்பது அந்த ஒன்றரை மணி நேரம் இல்லை. உங்கள் பக்கத்துத் தனிப்பயிற்சி மையம் எத்தனை மணிக்கு விடுகிறது என்று கேட்கலாமா? வேண்டாம், பேச்சு எங்கோ போகிறது.

அன்றைக்கு இரவு ஒன்றே காலுக்கு அந்தப் பையனின் அம்மா வீட்டு வாசலில் வைத்து முகத்தைத் துடைத்தாராம். முதலில் தேங்காய் எண்ணெய் போட்டு ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம்தான் சோப்பு. நேரே சோப்பு போட்டால் வண்ணம் பரவிக் கண் எரியும். அதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் வண்ணம் அத்தனை நேரம் ஊறியதில் இமை வீங்கிவிட்டது. திங்கட்கிழமை வீங்கிய இமையோடு பள்ளிக்குப் போனான். வகுப்பில் அவனுக்கு இப்போது "அவுட்டு" என்று பெயர். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வரவில்லை.

விழாக் குழுத் தலைவரே, இரண்டே கேட்கிறேன். சித்திரை விழாவுக்கும் தாம்பூலம் வைக்க வருவதாகச் சொல்லியிருக்கிறீர்களாம். வாங்க. பிள்ளைகள் கூத்து முதலில், பொன்னாடை பிறகு என்று தாம்பூலத் தட்டிலேயே எழுதி வைத்துக் கொடுங்கள். அதற்கு முன்னால் அந்த வீடியோவை எடுங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது போய்ப் பார்த்தேன். அங்கேயேதான் இருக்கிறது. புதிதாகப் பாட்டு வேறு சேர்த்திருக்கிறார்கள்.