பின் இருக்கைக்கும் சீட் பெல்ட் உண்டு

கார் வாங்கப் போகிறவர்கள் இப்போது மைலேஜோடு, ஏர்பேக் எத்தனை என்றும் விசாரிக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அதே குடும்பம் பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் நெடுஞ்சாலையில் விரைவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஏர்பேக் சீட் பெல்ட்டுக்குத் துணையாக வந்ததே தவிர, அதற்கு மாற்றாக வந்ததன்று.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி நின்றாலும், உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது. மோதலை உணர்ந்ததும் பெல்ட் சுருள் பூட்டிக்கொள்ள, ப்ரீடென்ஷனர் உள்ள கார்களில் சிறு வெடிமருந்து ஒன்று தளர்ந்த பட்டையைச் சட்டென உள்ளிழுத்து உடலை இருக்கையோடு இறுக்குகிறது. அதன் பிறகு மார்பின் மீது அழுத்தம் மிகும்போது லோட் லிமிட்டர் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. காரின் முன்பகுதி நசுங்கும் அந்தச் சிறு அவகாசத்தில் உடலும் காரோடு சேர்ந்தே வேகம் குறைகிறது. முன் ஏர்பேக் விரிய ஆகும் நேரம் ஏறத்தாழ 30 மில்லி விநாடி, அதாவது கண் இமைப்பதைவிடக் குறைவு. பெல்ட் அணியாதவர் அதற்குள் முன்னே சரிந்துவிடுவதால், காக்க வேண்டிய பையே அவர் முகத்தில் அறைந்து காயப்படுத்தக்கூடும்.

பெல்ட்டை அணியும் விதமும் முக்கியம். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை தோளெலும்பின் மேல் செல்ல வேண்டும். உறுத்துகிறது என்று அதை அக்குளுக்கு அடியில் விட்டுக்கொண்டால் விலா எலும்புகள்தாம் அடியைத் தாங்கும்.

இந்த மூன்று முனை பெல்ட்டை 1959இல் வோல்வோவுக்காக உருவாக்கியவர் நில்ஸ் போலின். அதற்கு முன்பு சாப் நிறுவனத்தில் போர் விமானங்களில் ஆபத்தின்போது விமானியை வெளியே எறியும் எஜெக்ஷன் இருக்கைகளை வடிவமைத்தவர். காப்புரிமை இருந்தும் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ விட்டுக்கொடுத்ததை மனிதகுலத்துக்குச் செய்த பேருதவியாகவே நான் கருதுகிறேன்.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்தின் தடுப்பில் மோதியபோது, பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தனர். முன்னால் இருந்த இருவரும் உயிர் பிழைத்தனர். பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர், பெல்ட் அணிந்து முன்னால் இருப்பவரின் முதுகிலும் மோதுவார். குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்: அதே 50 கி.மீ. வேகத்திலிருந்து கார் அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தை ஏறத்தாழ 200 கிலோ விசையோடு கையிலிருந்து பறிபோகும். எந்தத் தாயின் கையாலும் அதைத் தாங்க இயலாது.

பல வாடகைக் கார்களில் பின் இருக்கை பக்கிள்கள் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. பெல்ட் அணியாதபோது எழும் எச்சரிக்கை ஒலியை, பக்கிளில் செருகி அடக்கும் போலிக் கிளிப்புகளை விற்கக் கூடாதென்று 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பெல்ட் அணியாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று சட்டமும் சொல்கிறது. பக்கிளே கைக்கு எட்டாதபோது பயணி என்ன செய்வார்? வாடகைக் கார்களுக்குத் தகுதிச் சான்று வழங்குமுன், பின் இருக்கையின் ஒவ்வொரு பெல்ட்டையும் அதிகாரிகள் இழுத்து மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்ட முடியாத காருக்குச் சான்று தரக் கூடாது.