ராத்திரிக் காற்றையும் அளந்தால்தான் கணக்கு

வீட்டுக்குள் இருக்கும் காற்று சுத்தமா என்று ஆளை வைத்துச் சோதிக்கச் சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். சரி, எந்த நேரத்தில் என்று சொல்ல வேண்டாமா? வடசென்னையில், கடலோரத் திருவொற்றியூரில் மதியம் கடல்காற்று அடிக்கும்போது ஹாலில் ஒரு மணி நேரம் கருவியை வைத்தால் நல்ல எண்தான் வரும். ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பி வாடை வருவது ராத்திரியில்.

எங்கள் வீட்டுக் காற்றைச் சோதிக்க வந்தவர் டீப்பாய் மேல் கருவியை வைத்தார். பக்கத்திலேயே முந்தின ராத்திரி எரிந்த கொசுவத்திச் சுருளின் சாம்பல். அதைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. காசை மட்டும் கரெக்டாக வாங்கிக்கொண்டார்.

பிஎம் 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டு வரம்பு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. இரண்டுமே 24 மணி நேரச் சராசரி, அதுவும் ஒரு கன மீட்டருக்கு. ஒரு மணி நேர அளவை அதோடு ஒப்பிட்டு 'பாஸ்' போடுவது என்ன நியாயம்? அப்புறம், லேசர் வைத்த கையடக்கக் கருவி துகளை மட்டும்தான் பார்க்கும்; புழுக்கம் அதிகமானால் ஈரத்தையும் தூசியாகக் காட்டும். 2023 டிசம்பரில் எண்ணூரில் கசிந்த அமோனியா மாதிரி வாயுவுக்கு அது குருடு. அதற்குத் தனி சென்சார் வேண்டும், அல்லது மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும்.

காசு கொடுக்குமுன் எந்தெந்த வாயு, எத்தனை மணி நேரம், கருவி சரியாக அளக்கிறதா என்று எப்போது காலிபரேட் செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். சமையல் நேரமும் ராத்திரியும் அதில் அடங்கட்டும்.