தீ மூட்டினால் சிங்கம் வராது என்பது தவறு

"மத்திய கலஹாரியில் ராத்திரி முழுக்கத் தீ எரிந்தால் சிங்கம் கிட்ட வராது, கூடார வாசலைத் திறந்துபோட்டுத் தூங்கலாம்" என்று அங்கே முகாமிடுவது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிப் படுத்துவிடாதீர்கள். ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் அந்த வனவிலங்குக் காப்பகத்தில் முகாம் இடங்களுக்கு வேலியே கிடையாது. எரியும் தீக்குப் பக்கத்திலேயே சிங்கம் நடந்துபோகும். கழுதைப்புலி அடுப்படிவரை வந்து மோப்பம் பிடிக்கும்.

காப்பாற்றுவது மூடிய கூடாரம்தான். உள்ளே இரை இருப்பதாகச் சிங்கம் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. வாசல் திறந்திருந்தால் அந்தக் காப்பு போயிற்று. காற்றுக்கு வலை ஜன்னல் போதும். வாசல் ஜிப்பைத் தரைவரை இழுத்து மூடுங்கள். சாப்பாடு, குப்பை, செருப்பு எல்லாம் வண்டிக்குள் போகட்டும். தோல் செருப்பைக் கழுதைப்புலி கவ்விக்கொண்டு போய்விடும். ராத்திரி வெளியே வருமுன் டார்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பாருங்கள். கண்கள் மின்னினால் வெளியே வராதீர்கள்.

"ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் தண்ணீர் போதும்" என்பதும் ஆபத்து. குடிக்கச் சமைக்க மட்டும் 5 லிட்டராவது வேண்டும். காப்பகத்துக்குள் குடிநீரும் இல்லை, டீசலும் இல்லை.

யாரும் சொல்லாத இன்னொன்று: மழைக்குப் பிறகு வண்டித் தடத்தின் நடுவில் புல் உயரமாக நிற்கும். அதன் விதைகள் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைச் சூடாக்கும். காய்ந்த புல் புகைக்குழாய் மேல் சேர்ந்து தீப்பிடித்தால் வண்டியே எரிந்துவிடும். முன்பக்கம் விதை வலை கட்டுங்கள், அடிக்கடி நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள், சேர்ந்ததை வளைத்த கம்பியால் இழுத்தெடுங்கள்.