மூன்று மாதம் பள்ளிக்கூடச் சட்டை

நவம்பர் நெருங்கினால், கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் சாக்கர் (நம் ஊர் ஃபுட்பால்தான்) ஆடும் பெண்பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் ஒரே கேள்விதான் சுற்றும். "கிளப்ல நல்ல டீம்ல ஆடுறா. ஸ்கூல் டீம் ட்ரைஅவுட்டுக்கும் எதுக்கு அனுப்பணும்? டைம் வேஸ்ட் இல்லையா?" போன வாரம் மட்டும் மூன்று அம்மாக்கள் தனித்தனியாகப் போன் செய்து கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசினேன். இனி கேட்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பள்ளி அணியில் ஆட விடுங்கள். பள்ளி சீசன் நடக்கும் அந்த மூன்று மாதமும், பணம் கட்டிச் சேரும் வெளி கிளப்பின் ப்ராக்டிஸுக்கு அனுப்பாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் நம்பினேன். அதற்கான வலியை என் மகள் அனுபவித்தாள்.

அவள் அப்போது பத்தாம் வகுப்பு, பதினைந்து வயது. கலிஃபோர்னியாவில் எங்கள் பக்கம் பள்ளி சாக்கர் குளிர்கால விளையாட்டு. நவம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். ஜனவரியில் ஒரு புதன்கிழமை, நல்ல மழை. பள்ளி ப்ராக்டிஸ் முடிந்து ஐந்தரைக்குக் காரில் ஏறினாள். ஆறரைக்குக் கிளப் ப்ராக்டிஸ். வழக்கமாகப் பின்சீட்டிலேயே பள்ளிச் சட்டையைக் கழற்றிவிட்டு கிளப் சட்டையை மாட்டிக்கொள்வாள். 880 ஹைவே டிராஃபிக்கில் கார் நகர்வதற்குள் டப்பாவில் இருக்கும் தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிடுவாள். அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை. "அம்மா, முட்டிக்குக் கீழ வலிக்குது. ரெண்டு வாரமா வலிக்குது" என்றாள்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஸ்கூல் கோச்கிட்ட சொன்னா மேட்ச்ல உட்கார வெச்சுடுவாங்க. கிளப் கோச்கிட்ட சொன்னா, ஸ்கூல்ல ஆடினதாலதான்னு சொல்லுவாரு."

எலும்பில் மெல்லிய கீறல், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. ஓய்வில்லாமல் ஓடி ஓடியே எலும்பு விட்டுக்கொடுத்துவிட்டது. எட்டு வாரம் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்றார் டாக்டர். பள்ளி சீசனும் போனது, கிளப் வசந்தகால சீசனின் தொடக்கமும் போனது.

அன்று இரவு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. பள்ளியில் வாரத்துக்கு மூன்று ப்ராக்டிஸ், தலா இரண்டு மணி நேரம். 80 நிமிட மேட்ச் இரண்டு. வார்ம்-அப் எல்லாம் சேர்த்துப் பள்ளிக்கு மட்டும் 9 மணி நேரம். கிளப்பில் திங்கள், புதன், வியாழன் மாலைகளில் ஒன்றரை மணி நேரம் வீதம் நாலரை. சனிக்கிழமை கிளப் ஃபிட்னஸ் வகுப்பு ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தனிப் பயிற்சி, அது நான் ஏற்பாடு செய்தது. மொத்தம் 16 மணி நேரம். வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்கிறது. வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமாவது, மாதம் மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்தே விலகியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டில் எதையும் நாங்கள் செய்யவில்லை.

இங்கே விதிகள் இல்லாமல் இல்லை. கலிஃபோர்னியா பள்ளி விளையாட்டு அமைப்பான சிஐஎஃப்பின் 600ஆம் விதிப்படி, பள்ளி சீசன் நடக்கும்போது அதே விளையாட்டில் வெளி அணிக்காகப் போட்டியில் ஆடினால் பள்ளி அணியில் ஆடும் தகுதி போய்விடும். அதனால் இரண்டு அணிக்கும் ஒரே வாரத்தில் மேட்ச் என்ற தொல்லை இங்கே இல்லை. ஆனால் அந்த விதி போட்டியைத்தான் தடுக்கிறது, ப்ராக்டிஸைத் தடுக்கவில்லை. பள்ளிப் பயிற்சி ஒரு நாளைக்கு 4 மணி, வாரத்துக்கு 18 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சிஐஎஃப் வரம்பு வைத்திருக்கிறது. அந்த 18இல் கிளப் நேரம் சேராது. பள்ளி தன் நோட்டில் தன் கணக்கை எழுதுகிறது, கிளப் தன் நோட்டில் எழுதுகிறது. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டிய ஆள் வீட்டில்தான் இருக்கிறார்.

எங்கள் கிளப் பள்ளியில் ஆடக் கூடாது என்று சொல்லவில்லை. எழுத்தில் தாராளமாக ஆடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் டிசம்பர் பெற்றோர் கூட்டத்தில் கோச் சொன்னது வேறு: "வின்டர்ல யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பேன்." அந்த ஒரு வாக்கியம் போதும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது கட்டளை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என் பெண்ணுக்கு இடது காலால் பந்து அனுப்பக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனாலும் அந்தப் பேச்சு தவறு. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

சரி, அப்படியானால் பள்ளி அணியையே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அந்த வருஷம் என் கணவர் அதைத்தான் சொன்னார். காரணங்களும் வைத்திருந்தார். பள்ளி ஆட்டத்தின் தரம் கிளப் அளவுக்கு இல்லை. நடுக்களத்தில் நாலு பாஸ் சேர்ந்து வருவது அபூர்வம். தூக்கி அடிப்பதும் துரத்துவதும்தான் அதிகம், மோதலும் அதிகம். கோச் சில வருஷம் நன்றாக அமைவார், சில வருஷம் வேறு பாடம் எடுக்கும் ஆசிரியர் பொறுப்பைச் சுமப்பார். கல்லூரிக் கோச்சுகள் ஆளைத் தேடுவது பெரும்பாலும் கிளப் ஷோகேஸ் போட்டிகளில்தான். இதெல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனால் என் பெண் கிளப்பில் ஆடுவது ரைட் பேக், வலது ஓரத்தில் தடுப்பு ஆடும் இடம். இரண்டு வருஷமாக அதே இடம், பாதி மேட்ச் வெளியே. அங்கே அவளுக்குக் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பள்ளி அணியில் நடுக்களத்தில் நிற்கிறாள். முதல்முறையாக அணியில் சேர்ந்து ஆஃப்சைடு என்னவென்றே சரியாகத் தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறாள். தோற்ற மேட்சுக்கு மறுநாள் அதே பிள்ளைகளோடு வகுப்பில் உட்காருகிறாள். கெமிஸ்ட்ரி டீச்சர் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து மேட்ச் பார்க்கிறார். கிளப் மேட்சுக்கு வருவது பெற்றோர் மட்டும்தான், அதுவும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு. கிளப் அவளுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது. பொறுப்பெடுக்கக் கற்றது பள்ளி அணியில். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி, தூத்தூர்ப் பக்கம். எங்கள் கரையில் ஃபுட்பால் என்றால் உயிர். என் அண்ணன் ஊர் அணிக்கு ஆடினான். நான் மணலில் நின்று பார்த்தேன். பெண்பிள்ளைகள் பார்ப்பதற்கு மட்டும்தான், நீயும் ஆடுகிறாயா என்று யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவிலும் கதை அப்படித்தான் இருந்திருக்கிறது. 1971-72இல் இந்த நாடு முழுவதும் பள்ளி சாக்கர் ஆடிய பெண்கள் சுமார் 700 பேர். 1972இல் கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் டைட்டில் நைன் சட்டம் வந்தது. 2018-19இல் அந்த எண்ணிக்கை 3,90,000ஐத் தாண்டியிருந்தது. பெண்களுக்கு இந்த ஆட்டத்தின் கதவைப் பரவலாகத் திறந்துவிட்டதில் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1999 பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் அமெரிக்காவுக்காகக் கடைசிப் பெனால்டியை அடித்த பிராண்டி சாஸ்டெய்ன் எங்கள் சான் ஹோசேக்காரர். ஆர்ச்பிஷப் மிட்டி பள்ளிக்கு ஆடியவர். அமெரிக்க அணியின் முன்னாள் நட்சத்திரம் அலெக்ஸ் மார்கன் தெற்கு கலிஃபோர்னியாவில் டைமண்ட் பார் பள்ளிக்கு ஆடினார். அவர் கிளப்பில் சேர்ந்தபோதே வயது 14.

பணத்தையும் பேசத்தான் வேண்டும். கிளப்புக்கு வருஷத்துக்கு நாங்கள் கட்டுவது 4,000 டாலருக்கு மேல். விமானம், ஹோட்டல் தனி. அரசுப் பள்ளி அணிக்குக் கட்டணம் கிடையாது. 1984இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் விளையாட்டு உட்பட எந்தப் பாடப்புறச் செயலுக்கும் அரசுப் பள்ளிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நன்கொடை கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் என் பெண்ணின் பள்ளி அணியில் கிளப்பையே பார்க்காத பிள்ளைகள் பாதிப் பேர். அதில் ஒருத்தி என் பெண்ணைவிட வேகமாக ஓடுவாள். கிளப்பில் மட்டும் இருந்திருந்தால் இவர்கள் இருவரும் சந்தித்தே இருக்க மாட்டார்கள்.

கல்லூரி விஷயத்தில் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னின் சாக்கர் கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15இலிருந்துதான் பிள்ளைகளோடு நேரடியாகப் பேசலாம். அந்த மட்டத்திலேயே ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. 2025 வரை மற்ற டிவிஷன் ஒன் கல்லூரிகளில் ஒரு பெண்கள் அணிக்கு அதிகபட்சம் 14 ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு 9.9. அதையே அணி முழுக்கப் பங்கு போடுவார்கள். இப்போது விதி மாறி, பல கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதில் அணியில் 28 பேர்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அப்படியொரு இடத்துக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் குளிர்காலத்து வார நாள் ப்ராக்டிஸில் எந்தக் கல்லூரிக் கோச்சும் வந்து நிற்பதில்லை. எலும்பில் கீறலோடு ஷோகேஸுக்குப் போகவும் முடியாது.

பையன்கள் விஷயம் வேறு. அமெரிக்க சாக்கர் சம்மேளனம் 2007இல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி என்ற மேல்மட்டக் கிளப் லீக் 2012இலிருந்து பத்து மாத சீசன் என்று மாற்றி, பள்ளியில் ஆடுவதைத் தடுத்தது. 2020 ஏப்ரலில் அதை மூடினார்கள். அதன் இடத்துக்கு வந்த எம்எல்எஸ் நெக்ஸ்ட் என்ற லீக்கின் மேல்மட்ட அணிகளிலும் பொதுவாகப் பள்ளி ஆட்டத்துக்கு இடமில்லை. பையனைச் சேர்க்கும் முன் இதை அவனிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெண்களுக்கு 2009இல் 40 கிளப்புகளோடு தொடங்கிய இசிஎன்எல் என்ற கிளப் லீக் பள்ளி ஆட்டத்துக்கு இடம் விட்டே அட்டவணை போடுகிறது. ஆக, பெண்களுக்கு லீக் தடை போடவில்லை. கோச்சின் முகம் சுளிப்பதைப் பார்த்து நாமாகத்தான் பயப்படுகிறோம்.

போன வருஷம் என்ன செய்தோம் என்று கேட்டார்கள். அக்டோபரிலேயே என் பெண் கிளப் கோச்சுக்குத் தானே மெயில் எழுதினாள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ப்ராக்டிஸுக்கு வர மாட்டேன், பள்ளி சீசன் முடிந்து பத்து நாள் ஓய்வெடுத்துவிட்டு வருவேன் என்று நாலு வரி. பள்ளி கோச்சுக்கும் அதே மெயிலில் நகல். இரண்டு பெரியவர்கள் முதல்முறையாக ஒருவருக்கொருவர் பதில் எழுதிக்கொண்டார்கள். கிளப் கோச்சுக்கு அது பிடிக்கவில்லை என்பது பதிலிலேயே தெரிந்தது. இருந்தாலும் ஒத்துக்கொண்டார். ஞாயிறு தனிப் பயிற்சியை நான் நிறுத்தினேன். பள்ளி கோச்சிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டோம், தினமும் ப்ராக்டிஸுக்கு முன்னால் காயத்தைத் தடுப்பதற்கென்றே உருவாக்கிய ஃபிஃபா 11+ வார்ம்-அப் செய்ய வேண்டும் என்று. 20 நிமிடம் போதும். நார்வேயில் 125 கிளப்புகளில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், அதைச் செய்தவர்களுக்குக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் பெண்பிள்ளைகள் வீட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மார்ச்சில் கிளப்புக்குத் திரும்பியதும் முதல் இரண்டு மேட்சில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றாவதில் இறங்கினாள். அவ்வளவுதான் இழப்பு.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணி மேட்சை வீடியோ காலில் அண்ணனுக்குக் காட்டினேன். ஊரில் சனிக்கிழமை காலை ஐந்து மணி. கிளப் மேட்சும் முன்பு காட்டியிருக்கிறேன், "நல்லா ஆடுறா" என்பதோடு வைத்துவிடுவான். அன்று ஹாஃப் டைம் வரை வைக்கவே இல்லை. மகள் தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தபோது, "மக்களே, போனு பக்கம் திரும்பு, சட்டையில என்ன எழுதியிருக்கு?" என்றான். அவள் சட்டையை இழுத்துப் பிடித்துக் காட்டினாள். "ஸ்கூல் பேரு மாமா. கீழ ஊர் பேரு."