சிக்னல் இல்லாத இடத்தில்தான் சார்ஜ் வேகமாக இறங்கும்

"கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம் டவர் கிடைக்காது, போனைப் பையில் போட்டால் மூன்று நாள் சார்ஜ் நிற்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடப்பது நேர்மாறு. டவர் கிடைக்காத போன் சும்மா கிடக்காது, விட்டுவிட்டுத் தேடிக்கொண்டே இருக்கும்; அரைகுறைச் சிக்னல் என்றால் டவரை எட்ட முழுச் சக்தியில் கத்தும். பூம்பாறை தாண்டி சிக்னல் ஒரு கோடாகக் குறைந்ததுமே ஏர்பிளேன் மோடு போடுங்கள். பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் அப்போதும் ஓடும்; அது செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்கிறது, திருப்பிப் பேசுவதில்லை. ஆனால் மேப்பை மலையடிவாரத்து வத்தலக்குண்டிலேயே இறக்கிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீலப் புள்ளி இருக்கும், அடியில் சாலை இருக்காது. 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்றே, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். குளிரில் 20 சதவீதத்திலேயே அணைந்தால் பதறாதீர்கள்; ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடேறியபின் போடுங்கள்.